குன்றத்தூர்க் காவியத்தை வீட்டுக்கு வீடு சேர்த்த நல்லூர்க்காரர்



குன்றத்தூர் என்றதும் மலைமேல் இருக்கும் முருகன் நினைவுக்கு வருவார், அடுத்துச் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்த சேக்கிழார், அருண்மொழித்தேவர் என்ற இயற்பெயர் கொண்டவர், இந்த ஊரில் பிறந்தவர். கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தின் மேல் கொண்ட பற்றினால், அதே பெயரில் இங்கும் ஒரு சிவன் கோயில் எழுப்பினார். அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடினார். பல்லாவரம், தாம்பரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இதைச் சொல்லிவிடுவார்கள்.

நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்த நூல், புலவர்களின் கையிலிருந்து எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த எவருடைய கைக்கும் எப்படி வந்து சேர்ந்தது? அந்த வேலையைச் செய்தவர் கடல் தாண்டி வந்தவர். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822 டிசம்பர் 18 அன்று பிறந்த ஆறுமுகம், பின்னாளில் ஆறுமுக நாவலர் ஆனவர். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் பிறந்து, சென்னையிலும் சிதம்பரத்திலும் உழைத்து, 57 வயது நிறையும் முன்பே மறைந்தவர்.

வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், நேயர்களே. வாசிக்க வேண்டியது அவருடைய உரைநடை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே ஆசிரியரும் ஆனார். பள்ளியின் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அருகில் அமர்ந்து உதவியவர் இந்தச் சைவ இளைஞர்தான். அந்த மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து அறிஞர் முன் வைத்தபோதும் உடன் வந்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்திப் பார்த்து, கேட்பவருக்கு விளங்குமா என்று சோதித்து எழுதும் பழக்கம் அந்த மேசையில் உறுதிப்பட்டிருக்க வேண்டும். மிஷனரிகளிடம் அச்சுக்கூடம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, மேடைப் பிரசங்கம் இருந்தது, எளிய வசனம் இருந்தது. இந்த நான்கையும் தம் சமயத்துக்காகக் கையில் எடுத்தார் ஆறுமுகம்.

1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்கள் தொடங்கின. 1848-இல் மிஷன் வேலையை விட்டார். அதே ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலை பிறந்தது. பள்ளிக்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கு அச்சு இயந்திரம் வேண்டும். அதை வாங்க 1849-இல் தமிழகம் வந்தவர் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பேசினார். அவருடைய சொல்வன்மையைக் கேட்டு ஆதீனம் அளித்த பட்டம்தான் ‘நாவலர்’.

இனி நாம் தங்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்: 1852-இல் வெளிவந்த பெரியபுராண வசனம். அப்போது நாவலருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

அந்தக் காலத்து வாசிப்பைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் தெரியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பழகிய புலவருக்கு இதெல்லாம் தடையாகத் தோன்றாது. பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர் ஏட்டை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாவலர் அந்தக் கதைகளை வசனமாக்கினார். கதையைக் குறைக்கவில்லை, தம் கற்பனையைக் கலக்கவில்லை. சேக்கிழார் எந்த வரிசையில் சொன்னாரோ அதே வரிசையில், பாட்டின் பொருள் சிந்தாமல் உரைநடைக்குக் கொண்டுவந்தார். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவை மிஷனரி அச்சு நூல்களில் முன்பே இருந்தன. அவற்றைச் சைவ நூல்களுக்குள் முறையாக, ஒரு பக்கம்கூடத் தளராத ஒழுங்கோடு பயன்படுத்திக் காட்டியது நாவலரின் உழைப்பு.

என் வகுப்பில் கண்ணப்ப நாயனார் பகுதியை வாய்விட்டு வாசிக்கச் சொல்வது வழக்கம். மூலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் விரியும் வரலாறு அது. நாணனும் காடனும் உடன் வர, பன்றியைத் துரத்திக்கொண்டு, பின்னாளில் கண்ணப்பரான திண்ணனார் காளத்தி மலைப் பக்கம் வருகிறார். மலையேறிச் சிவனாகிய குடுமித்தேவரைப் பார்த்த கணத்தில் வேட்டை மறந்துபோகிறது. ஒரு கையில் வில்லும் அம்பும், ஒரு கையில் பதம் பார்த்த இறைச்சி, வாயில் திருமஞ்சன நீர், தலைமுடியில் செருகிய பூ. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதை வாசிக்கத் தொடங்கியபோது வாக்கியத்தின் நீளத்தைப் பார்த்துத் தயங்கினாள். நாவலரின் வாக்கியம் நீளமானதுதான். ஒரு வினையெச்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வினையெச்சம் வரும். “காற்புள்ளி வரும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள், அம்மா” என்று சொன்னதும் மறுபடி தொடங்கினாள். இந்த முறை வாக்கியம் தானாக நடந்தது. எடுத்தார், பார்த்தார், நடுங்கினார், ஓடினார் என்று செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இறைவனின் கண்ணில் குருதி வழியும் இடத்துக்கு வந்தபோது பின்வரிசைப் பேச்சு நின்றிருந்தது.

நேயர்களே, அந்த வசனம் காதுக்காக எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வெள்ளிதோறும் கோயிலில் பேசிப் பழகியவர் எழுதியது அது. கேட்பவருடைய கவனம் எங்கே தளரும், எங்கே நிமிரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பரிதிமாற் கலைஞர் பிற்காலத்தில் அவரை ‘வசனநடை கைவந்த வல்லாளர்’ என்று போற்றியதும் இதனால்தான்.

அச்சுப்பிழை விஷயத்தில் நாவலர் காட்டிய கண்டிப்பையும் சொல்ல வேண்டும். சென்னையில் தங்கசாலைத் தெருவில் அவருடைய வித்தியாநுபாலன யந்திரசாலை இயங்கியது. திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் 1861-இல் பதிப்பித்தார். திருக்கோவையாரும் நன்னூல் உரையும் அவர் கையால் செம்மை பெற்றன. சி. வை. தாமோதரம் பிள்ளை 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டபோது, அதைப் பரிசோதித்துக் கொடுத்தவரும் நாவலரே. ‘நாவலர் பதிப்பு’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்ற பெயர் இப்படி ஏற்பட்டது.

கோயில் விழா மலர் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்த நேர்ந்தபோது அந்தப் பெயரின் அருமை நன்றாகப் புரிந்தது. நாற்பது பக்க மலர்தான். கணினியில் கோத்த பக்கங்கள். ஒற்றெழுத்து ஓரிடத்தில் விழுந்துவிடும், அதைச் சரிசெய்தால் அடுத்த வரியில் சொல் உடைந்து நிற்கும். இரண்டு முறை பார்த்த பக்கத்தில் மூன்றாம் முறையும் பிழை கண்ணில் படும். ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில், எண்ணெய் விளக்கொளியில், நூற்றுக்கணக்கான பக்கங்களை அப்படித் திருத்திய மனிதரை நினைத்துப் பாருங்கள்.

அவருடைய பாலபாடங்கள் நான்கு. முதல் புத்தகம் எழுத்தும் சொல்லும் கற்பிக்கும். நான்காம் புத்தகம் கட்டுரைகளுக்கு அழைத்துச் செல்லும். இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடை இரண்டும் பல தலைமுறைப் பிள்ளைகள் படித்தவை. 1864-இல் சிதம்பரத்தில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது. 1870-களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். இலங்கை அரசு 1971-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

நாவலரை நேசிப்பவர்கள் மறைக்கக் கூடாத பக்கங்களும் உண்டு. சாதி ஒழுங்கை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்கு ஆதரவாக எழுதினார். அதில் அவரோடு உடன்பட முடியாது. வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் 1867-இல் வந்தபோது, அவற்றை அருட்பா என்று அழைப்பதைக் கடுமையாக எதிர்த்தார். 1869-இல் அந்தப் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. தமிழ் மக்களின் உள்ளம் வள்ளலாரின் பக்கம் நின்றதைப் பின்வந்த காலம் காட்டிவிட்டது. ஆனாலும் வேடர் கண்ணப்பரையும், தில்லைக்குப் போக ஏங்கிய திருநாளைப்போவாரையும், குயவர் திருநீலகண்டரையும் அவருடைய வசனமே எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. அவர் ஏற்ற எல்லைகளுக்கு அப்பால் இருந்தவர்களும் அதே பக்கங்களைத் தம் வீட்டுத் திண்ணையில் விரித்து வாசிக்க முடிந்தது. அச்சும் எளிய நடையும் செய்த அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

நேரம் நெருங்குகிறது. அவருடைய கண்டன நூல்கள், பிரசங்க முறை, 1879-இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சட்டசபைக்குச் செல்ல அவர் கொடுத்த ஆதரவு ஆகியவற்றை இன்னொரு நாளில் விரிவாகப் பேசலாம். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்றுதான் நாவலர் மறைந்தார். பள்ளி, அச்சகம், பதிப்பு, பாடநூல் என்று அவர் தொட்ட துறைகள் பல இருந்தாலும், இன்று நாம் செய்தித்தாளில் தடையில்லாமல் வாசிக்கும் தமிழ் வாக்கியத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த வாரம் நூலகத்தில் பெரியபுராண வசனம் கிடைத்தால் எடுத்து வந்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கண்ணப்பர் கதையை வீட்டுப் பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டி தாத்தா இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு சில வீடுகளிலாவது அது நடக்கும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.