ஓதி முடித்த நூலும் ஓத வேண்டிய நூலும்



கும்பகோணத்தில் சமணர் வாழ்ந்த தெரு ஒன்று. வாசல்களில் மாக்கோலம், நிலைகளில் மாவிலைத் தோரணம். சந்திரநாத செட்டியார் என்னும் சமணப் பெருமகனார் இல்லத்திற்கு ஒரு நாள் வந்த உ.வே. சாமிநாதையர் கண்ட காட்சி இது. அந்நகரக் கல்லூரியில் அவர் அப்பொழுது தமிழாசிரியர். 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் எழுப்பிய வினாவால் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கியவர். தமிழறிவு நிரம்ப இருந்தும் நூலில் வந்த சமய நுட்பங்கள் விளங்காமையால் சமணரைத் தேடி வந்தவர். ஏதோ பண்டிகை போலும் என்றெண்ணி அவர் வினவினார். ஆறு மாதமாக ஓதிப் பொருள் கேட்டு வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது. அதற்காகவே இந்தக் கொண்டாட்டம் என்பது விடையாகக் கிடைத்தது.

ஐயர் தம் வரலாற்றில் எழுதிவைத்த இச்செய்தியைத் தமிழ்ச் சமணர் பெருமையோடு நினைவுகூர்வதுண்டு. பெருமையோடு நிறுத்திவிடலாகாது. 1887-ல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. ஏடு பல இடங்களில் இருந்தது. அந்த ஏட்டின் சமயப் பொருளைக் கேட்டவுடன் சொல்லத்தக்கவர் ஓதுதலை விடாத இல்லங்களிலேயே இருந்தனர். அந்த வழக்கம் முன்னரே அற்றுப்போயிருப்பின், ஐயர் யாரிடம் சென்று கேட்டிருப்பார்?

ஒரு நூல் நிறைவுற்றுத் தோரணம் வாடும்பொழுது, ‘அடுத்து எதை ஓதுவது?’ என்னும் கேள்வி எழும். ஆண்டாண்டாய்க் கூடிப் படிக்கும் குழு எதுவும் இக்கேள்வியைத் தப்ப முடியாது. பல குழுக்கள் கலைவதும் இவ்விடத்திலேதான். முதியவர் பெருங்காப்பியத்தை விரும்புவர். இளையவர் விரைவில் முடியும் நூலைக் கேட்பர். ஒருவர் கதை வேண்டுமென்பார், மற்றொருவர் தத்துவம் வேண்டுமென்பார். முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படும். அடுத்த கூட்டமோ கூடாமலே போய்விடும்.

இதற்கு வழி முன்னோர் வகுத்த நெறியிலேயே உண்டு. அறநூற் பரப்பை அவர்கள் நான்கு அனுயோகங்களாகப் பகுத்தனர். பெரியோர் வரலாறு கூறுவது பிரதமானுயோகம். உலக அமைப்பையும் கதிகளையும் கூறுவது கரணானுயோகம். ஒழுக்கம் உரைப்பது சரணானுயோகம். உயிர் முதலிய பொருள்களின் இயல்பை ஆராய்வது திரவியானுயோகம். ஆகவே, சென்ற முறை எப்பகுதியை ஓதினோம் என்று பார்த்து, ஓதாத பகுதியிலிருந்து அடுத்த நூலைக் கொள்வது முறை. கதையை மட்டுமே கேட்டு வளர்ந்த குழு ஒழுக்கத்தை மறக்கும். தத்துவத்தை மட்டுமே பேசும் குழுவில் குழந்தைகள் இரா.

தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்து, அதனை ஐந்தாக விரிக்கும்: வாசித்தல், ஐயம் வினவுதல், மனத்துள் சிந்தித்தல், பிழையறத் திரும்ப ஓதுதல், அறவுரை பகர்தல். வாசித்தலை அடுத்து வினவுதலே வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. எந்த நூலை எடுத்தால் வினா எழுமோ, எழுந்த வினாவுக்கு விடை கூற உரையோ ஆசிரியரோ கிடைக்குமோ, அந்த நூலே அடுத்து ஓதத் தக்கது. வினாவே எழாத வாசிப்பு செவிக்கு இனிமை தரலாம். ஐந்தில் ஒன்றோடு அது நின்றுவிடும்.

காலக் கணக்கும் வேண்டும். சிந்தாமணியின் செய்யுட்கள் 3145. நாள்தோறும் ஓதினால் பதினெட்டுச் செய்யுளளவில் ஆறு மாதத்தில் முடியும். வாரம் ஒருமுறை கூடி இருபது செய்யுள் ஓதும் குழுவுக்கோ மூன்று ஆண்டு ஆகும். அக்காப்பியத்துக்கு மணநூல் என்றொரு பெயர் உண்டு. சீவகன் மணங்கள் நிரலாக வரும். துறவும் வீடும் முத்தியிலம்பகத்தில், அதாவது பதின்மூன்றாம் இலம்பகத்தில்தான் வருகின்றன. இடையில் நிறுத்திய குழுவுக்கு மணம் மட்டுமே மிஞ்சும். முடிக்கும் உறுதியில்லாமல் அந்நூலைத் தொடங்குவது ஆசிரியர் கருத்துக்கே மாறாகும்.

அருங்கலச்செப்பு அளவிற் சிறியது, 180 குறட்பாக்கள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவி, மும்மணிகளையும் இல்லறத்தார் விரதங்களையும் கூறுவது. வாரம் பதினொரு பாவாக ஓதினால் சாதுர்மாசிய நான்கு மாதத்தில் நிறைவுறும். சிறிய நூல் என்று இதனை இகழ வேண்டா. இல்லத்தில் அன்றாடம் எழும் ஐயங்கள் பலவற்றுக்கு விடை இங்குதான் உள்ளது.

நீலகேசியின் 894 செய்யுட்கள் ஓராண்டுக்குள் அடங்கும். சமய திவாகரர் என்னும் வாமன முனிவர் உரை உண்டு, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் பதிப்பித்தார். பிற சமயங்களோடு வாதிடும் நூலாயிற்றே, இக்காலத்திற்கு ஏற்குமா என்று தயங்குவோர் உளர். அத்தயக்கம் மதிக்கத்தக்கதே. ஆயினும் ஒன்று நோக்குக: குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் முழுமையாய்க் கிடைக்கவில்லை. அந்நூலைப் பற்றி இன்று அறிவனவற்றுள் பெரும்பகுதி, அதனை மறுக்க எழுந்த நீலகேசியாலும் அதன் உரையாலும் கிடைத்ததே. மறுப்பதற்கும் முதலில் மாற்றார் கூற்றை ஒழுங்காக எடுத்துரைக்க வேண்டும் என்னும் நேர்மையை அந்நூல் கற்பிக்கிறது. கல்லூரியில் பயிலும் இளைஞர் விரும்பி வினவத்தக்க நூல் இதுவே.

எனவே இளையோர் வேண்டுகோளும் முதியோர் விருப்பமும் ஒன்றுக்கொன்று பகையல்ல; வரிசைதான் வேண்டும். சாதுர்மாசியத்தில் அருங்கலச்செப்பு, அதன்பின் நீலகேசி, இரண்டையும் முடித்த பயிற்சியோடு சிந்தாமணியோ, 1405 செய்யுட்கள் கொண்ட மேருமந்தர புராணமோ. ஒரு நூல் நிறைவுறும் அன்றே, பிரசாதம் வழங்கு முன்னரே, அடுத்த நூலின் முதற்செய்யுளை ஓதிவிட்டு எழுவது நலம். அதனை ஓதும் பேறு அக்குழுவில் வயதிற் சிறியவருக்கு அமையட்டும்.

புட்பதந்தரும் பூதபலியும் ஆகமத்தை நூல்வடிவாக்கிய நன்னாளைச் சுருதபஞ்சமி என்று கொண்டாடுகின்றனர். அவருள் பூதபலியார் தமிழகத்திற்கு வந்தவர் என்பது தவளத்தில் காணும் மரபு. அன்று ஏடுகளை எடுத்துத் துடைத்துப் பூசித்தல் நல்லதே. பூசித்த ஏட்டைப் பேழையில் வைக்குமுன் அவிழ்த்து ஒரு பக்கமேனும் ஓதுதல் அதனினும் நல்லது. சிந்தாமணியின் பொருளை நாடி வந்தவர்க்குக் கும்பகோணத்தில் ஓர் இல்லம் இருந்தது. நாளை பொருள் கேட்டு வருபவர் வேற்றூரார் ஆக வேண்டியதில்லை. அவரவர் பேரக்குழந்தையாகவே இருக்கலாம். அக்குழந்தைக்கு விடை கூற ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும்.

அருகன் அறம் ஓங்குக.