ஊசி சலுகையல்ல, உரிமை!

(ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

வார்டைக் கழுவுவது நாம். குப்பைத் தொட்டியை அள்ளுவது நாம். யாரோ அலட்சியமாக வீசிய ஊசி குத்துவதும் நம் கையில்தான்.

அந்த ஊசிமுனையில் ஒட்டியிருக்கும் ரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி கிருமி இருக்கலாம். ஈரலைத் தாக்கி, சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய்விடும் கிருமி அது. காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் உயிரோடிருக்கும். தடுப்பூசி போடாத 100 பேருக்கு அக்கிருமியுள்ள ஊசி குத்தினால், 30 பேர் வரை நோய் தொற்றலாம்.

தடுக்க மூன்று ஊசி போதும்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. 1997இல் ஐதராபாத்திலேயே இம்மருந்து தயாராகி, விலையும் இறங்கிவிட்டது.

பிறகு ஏன் போட்டுக்கொள்ளவில்லை? கேட்டுப் பார்த்தோம்.

"ஊசியே நோயைக் கொடுத்துவிடும்" என்றார் ஒருவர். அதில் கிருமியே கிடையாது, தோழர்களே! கிருமியின் மேலுறைப் புரதம் ஒன்றை மட்டும் ஈஸ்டைக் கொண்டு தயாரிக்கிறார்கள். கை வலிக்கும்; லேசாகக் காய்ச்சல் வரலாம்.

"காய்ச்சலில் படுத்தால் கூலியை யார் தருவார்?" என்றார் ஓர் அம்மா. நாம் வாயடைத்து நின்றோம். இன்னொருவர் இரண்டு ஊசி போட்டிருந்தார். மூன்றாவதற்குள் காண்டிராக்டர் மாறிவிட்டார். புதியவரிடம் அந்தக் கணக்கே இல்லை. படித்த நர்சுகளிலும் டியூட்டி நெருக்கடியில் மூன்றாவதைத் தவறவிட்டவர்கள் உண்டு. இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கலாமா?

2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் என்ன சொல்கின்றன? கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கடமை. காண்டிராக்ட் தொழிலாளி என்று தட்டிக்கழிக்க இடமில்லை.

ஆகவே கேட்போம்: மூன்று ஊசியும் இலவசமாக வேண்டும். ஊசி போடும் நாளுக்கும், காய்ச்சல் வந்தால் மறுநாளுக்கும் கூலி வேண்டும். காண்டிராக்டர் மாறினாலும் மாறாத ஊசி அட்டை நம் கையில் வேண்டும்.

நம் கடமையும் உண்டு. ஊசி குத்தினால் வேலை போய்விடுமென்று மறைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மருந்து போட வேண்டியிருக்கலாம்.

மில்லில் ஓடும் பெல்ட்டுக்கு மறைப்பு கேட்டவர்கள் நாம். ஆஸ்பத்திரித் தொழிலாளிக்கு இந்த ஊசியே மறைப்பு. வரிசையில் நில்லுங்கள், மூன்றாவது ஊசி வரை சங்கம் உடன் நிற்கும்!