கரையில் நின்றவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், காந்திகிராமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயல் அன்று. கூடிப் படித்து, கருத்து மாறுபட்டு, மாறுபட்ட பின்னும் அடுத்த கூட்டத்திற்கு வந்து சேர்ந்த உங்கள் எல்லோரையும் முதலில் வாழ்த்துகிறேன். வன்முறையும் அறச்சிதைவும் கதையிலும் திரையிலும் பாத்திரங்களை எவ்வாறு மாற்றுகின்றன என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்தியடிகளின் பெயரால் 1947இல் தோற்றுவித்த இடத்தில் வன்முறையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பொருத்தம்தான். இலக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குச் செல்லும் வழியும் நல்லதாக இருக்க வேண்டும் என்பது காந்தியடிகள் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. அவன் எடுத்த வழி அவனை என்னவாக ஆக்கியது என்று கேட்பதே நல்ல கதையின் வேலையும் ஆகும்.

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. புகாரில் அதிகம் பேசாத குடும்பப் பெண்ணாக இருந்த கண்ணகி, மதுரையில் அரசனை எதிர்த்து வழக்குரைக்கிறாள். பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர்விடுகிறான். நீதி கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பிறகுதான் ஊர் எரிகிறது. இளங்கோவடிகள் கதையை அந்த நெருப்போடு முடித்திருக்கலாம், அவர் முடிக்கவில்லை. வளையலை உடைத்து எறிந்துவிட்டு, வையையின் கரை வழியே மேற்கு நோக்கித் தனியே நடக்கும் பெண்ணை நமக்குக் காட்டுகிறார். 14 நாட்கள் கழித்து மலையில் ஒரு வேங்கை மரத்தின் அடியில்தான் அவள் பயணம் முடிகிறது. அவளுடைய சினம் நியாயமானது என்பதில் காப்பியத்துக்கு ஐயமில்லை. அந்த நியாயமான சினத்துக்குப் பிறகும் பழைய வீட்டுக்குத் திரும்பும் வழி அவளுக்கு இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. வெற்றியையும் அதற்கான விலையையும் ஒரே இடத்தில் எழுதிவைத்த அந்த நேர்மையை என் அளவுகோலாக வைத்துக்கொண்டு, இக்காலப் படைப்புகள் சிலவற்றைப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. 1979இல் வெளிவந்த படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்தது என்றாலும் மூலத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட படைப்பு. சுந்தரவடிவேலு ஊரில் பள்ளிக்கூடம் நடத்தும் பெரிய மனிதன். அவன் கத்தி எடுப்பதில்லை, யாரையும் வெட்டுவதில்லை. சிரித்துக்கொண்டே மனைவியை நோகடிப்பான். அடுத்தவர் மகிழ்ச்சியைக் கண்டால் அவனுக்குப் பொறுக்காது. மனைவி இறக்கிறாள். அவளுடைய தங்கையை அவன் மானபங்கப்படுத்துகிறான். ஊர் பொங்கி எழுகிறது. ஆற்றங்கரைக்கு அவனைத் துரத்தி வந்து, நீரில் இறங்கி உயிரை விடச் சொல்கிறது.

நம் திரைப்பட வழக்கப்படி இந்த இடத்தில் பார்வையாளர் நிம்மதி அடைய வேண்டும். மகேந்திரன் அந்த நிம்மதியைத் தர மறுக்கிறார். இறக்கப்போகும் அந்தக் கொடியவன் ஊராரைப் பார்த்து, இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களை இன்று என்னைப்போல் ஆக்கிவிட்டேன், நான் செய்த தவறுகளிலே பெரியது இதுதான் என்னும் பொருள்படப் பேசிவிட்டு நீரில் இறங்குகிறான். அவனுடைய சிறு பிள்ளைகள் இருவரும் கரையில் நிற்கிறார்கள்.

படம் முழுவதும் நாம் தேடிக்கொண்டிருந்த மாற்றம் அந்தக் கணத்தில் நிகழ்கிறது. ஆனால் அது வில்லனிடம் நிகழவில்லை. அவன் திருந்தினானா என்பதுகூட அங்கே முக்கியமில்லை. கரையில் நின்றவர்கள் மாறிவிட்டார்கள். மறுநாள் அவர்கள் தத்தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் அதே தெருவில் நடந்து போவார்கள். வன்முறை ஒருவனைக் கெடுக்கிறது என்பது பாதி உண்மை. அதை எதிர்த்து எழுந்த நல்லவர்களையும் அது தன் சாயலில் வார்த்துவிடுகிறது என்பது மற்றப் பாதி. தமிழ்த் திரை இந்த மற்றப் பாதியை இவ்வளவு அமைதியாகச் சொன்ன இன்னொரு தருணத்தை நான் காணவில்லை.

அடுத்து, நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா என மூவரைத் தந்த ஊர் வத்தலகுண்டு. இவர்களில் செல்லப்பா விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்; காந்தியத்தில் ஊறியவர். அவர் எழுதிய 'வாடிவாசல்' தந்தையின் சாவுக்கு ஈடு கேட்டு வரும் மகனின் கதை. பிச்சியின் தந்தை அம்புலியை வீழ்த்தியது ஜமீன்தாரின் காரிக் காளை. அந்தக் காளையை அணைந்து அடக்கிக் கடனைத் தீர்க்க வருகிறான் பிச்சி. தீர்த்தும் விடுகிறான். அவமானப்பட்ட காளை வெறிகொண்டு ஓடுகிறது; அதை ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார்.

இங்கே சிதைவு எங்கே இருக்கிறது? பிச்சியிடம் இருப்பது துணிவு. மாட்டிடம் இருப்பது இயல்பு. ஒரு மிருகத்தின் கொம்பில் தன் மதிப்பைக் கட்டித் தொங்கவிட்ட பெரிய மனிதரிடம்தான் சிதைவு குடியிருக்கிறது. தோற்ற மாடு அவருக்கு வெறும் மாடாகத் தெரியவில்லை. ஊர் முன்னே விழுந்த தன் முகமாகத் தெரிகிறது. செல்லப்பா அவரைக் கொடியவராக வரையவே இல்லை. கௌரவம் என்ற ஒன்றுக்காக, தான் அருமையாக வளர்த்ததையே கொல்லக்கூடியவராக ஒருவர் எப்படி ஆகிறார் என்பதை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. சிதம்பரத்துக்கு வயது 15. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்டுவதுதான் அவன் எண்ணம், ஆள் இறந்துவிடுகிறான். நாவல் கொலையில் தொடங்கிவிடுவதால், பழி தீருமா என்ற பரபரப்புக்கு அங்கே இடமே இல்லை. எஞ்சுவது தந்தையும் மகனும் மறைந்து திரியும் சில நாட்கள்: பசி, தண்ணீர், சமைக்க ஓர் இடம், தாயின் நினைவு. கொலை செய்த பையன் இன்னும் பையனாகவே இருக்கிறான் என்பதுதான் நம்மை நடுங்கச் செய்கிறது. வன்முறை அவனை அரக்கனாக்கவில்லை. அவன் விளையாடித் திரிந்திருக்க வேண்டிய வயதை எடுத்துக்கொண்டது.

இதே நாவலைத் தழுவி 2019இல் வெற்றிமாறன் 'அசுரன்' எடுத்தார். கதையின் மையம் மகனிடமிருந்து தந்தையிடம் நகர்ந்தது. அடங்கிப்போகும் சிவசாமிக்குள் ஒரு பழைய நெருப்பு இருப்பதைப் படம் திறந்து காட்டுகிறது. திரையரங்கில் கைதட்டல் எழுந்தது அந்த நெருப்பு வெளிப்பட்ட இடங்களுக்கே. முடிவில் சிவசாமி மகனிடம் படிப்பைப் பற்றிப் பேசுவதைப் படம் தன் செய்தியாக வைக்கிறது. இயக்குநரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திரை என்னும் ஊடகத்தின் இடர்ப்பாடு இங்கே தெளிவாகிறது. நாவலில் வெட்டு ஒரு வாக்கியம். வாசகன் அதைக் கடந்து அதன் விளைவுகளோடு பல பக்கங்கள் வாழ்கிறான். திரையில் வெட்டு இசையோடும் நடிகரின் உடலழகோடும் வருகிறது. அதன் சுவை, பின்னால் வரும் அறிவுரையைவிட நெடுநேரம் நாவில் நிற்கிறது.

'தேவர் மகன்' படத்துக்கு (1992) நேர்ந்ததும் இதுவே. வெளிநாட்டில் படித்துவந்த சக்தி, எதை வெறுத்தானோ அதையே செய்து, அரிவாளோடு நின்று, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊராரிடம் கலங்கிச் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகிறான். அது ஒரு தோல்வியின் கதை. எனினும் அதன் பாட்டு ஒன்று சாதிப் பெருமிதத்தின் பாட்டாகவே பல இடங்களில் ஒலித்தது. அதைக் கேட்டு வளர்ந்த மாரி செல்வராஜ் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். 2023இல் 'மாமன்னன்' எடுத்தார். படைப்பாளி எழுதிய கணக்கும் பார்வையாளர் வாங்கிச் சென்ற கணக்கும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

'குருதிப்புனல்' என்ற பெயரில் தொடர்பற்ற இரு படைப்புகள் நமக்கு உண்டு. பி. சி. ஸ்ரீராமின் 1995ஆம் ஆண்டுப் படம் கோவிந்த் நிஹலானியின் இந்திப் படத்திலிருந்து வந்தது. நேர்மையான காவல் அதிகாரி ஆதி, தன் குடும்பத்துக்கு வந்த அச்சுறுத்தலால் உடைந்து, எதிரிக்குத் தகவல் தருபவனாகிறான். பணத்தாசை அவனைக் கெடுக்கவில்லை. அன்பின் வழியே நுழைந்த அச்சம் கெடுக்கிறது. எவ்வளவு உறுதியானவனுக்கும் உடையும் எல்லை ஒன்று உண்டு என்ற உண்மையை நம் காவல்துறைப் படங்கள் வேறெங்கும் இவ்வளவு துணிந்து பேசவில்லை.

மற்றது இந்திரா பார்த்தசாரதியின் 1975ஆம் ஆண்டு நாவல். சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசையில் வைத்து எரிக்கப்பட்டதை அடிப்படையாகக் கொண்டது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையை உளவியல் காரணமாக நாவல் காட்டியது. அதை இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். ஒரு தனிமனிதனின் புண்ணில் மட்டும் தீமையைத் தேடினால், அந்த இரவில் கூட்டமாகச் சென்றவர்களும், அந்தக் கொடுமையை இயல்பென ஏற்று வளர்ந்த ஒரு சமூகமும் கதையிலிருந்து தப்பிவிடுகின்றன. இங்கும் கரையில் நின்றவர்களை நாம் பார்க்கத் தவறுகிறோம்.

வெண்மணி வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் முதன்மையானவர் 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். நெருப்பு, வழக்கு, பழி என்ற இந்த வரிசை நம் கதைகளுக்கு மிகவும் பழக்கமான பாதை. ஆனால் அதே நெருப்பிலிருந்து புறப்பட்ட இன்னொரு பாதையும் உண்டு. அது இந்த மண்ணோடு தொடர்புடையது. திண்டுக்கல் வட்டாரத்தில் பிறந்து, சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் படித்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் வெண்மணிச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிவிடவில்லை, அங்கேயே தங்கினார்கள். 1981இல் லாப்டி என்ற நில இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கிடைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

வெண்மணி அவர்களையும் மாற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சாம்பலைக் கண்ட பிறகு அவர்கள் பழைய ஊழியர்களாக இருக்கவில்லை. வாழும் ஊரும் செய்யும் வேலையும் மாறிவிட்டன. ஆக, வன்முறை மனிதரை மாற்றியே தீரும்; எந்தத் திசையில் என்பது மட்டும் முன்கூட்டி எழுதப்படவில்லை. நல்லவன் இறங்கும் படிகளை நம் கதைகள் நன்றாக எழுதக் கற்றுவிட்டன. நெருப்பைப் பார்த்தும் நெருப்பாகாமல் இருக்க ஒருவர் நாள்தோறும் தமக்குள் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை எழுத நாம் இன்னும் கற்கவில்லை. அவர்களுக்கும் கோபம் வந்திருக்கும், சலிப்பு வந்திருக்கும், தோற்றுவிட்டோம் என்ற இரவுகள் இருந்திருக்கும். இவற்றையெல்லாம் வாழ்க்கை வரலாறுகளுக்கு விட்டுவிட்டோம். அதனால் நம் புனைவில் அகிம்சையாளர் என்றால் உபதேசம் செய்யும் பொம்மையாகவும், வன்முறையாளர் என்றால் இரத்தமும் சதையுமாகவும் வந்து நிற்கிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வு எழுதுபவரின் குறை. வாழ்க்கையின் குறை அன்று.

இங்கே கவிஞர்கள் மிகுதி. கவிதை எழுதுவோருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சினம் முதலில் வந்து அமர்வது கவிதையில்தான். ஒரு கொடுமை நடந்த மறுநாளே நாம் எழுதிவிடுகிறோம். அந்த வரிகளில் கொலையுண்டவர் இருக்கிறார், கொன்றவர் இருக்கிறார், சினம் கொண்ட கவிஞரும் இருக்கிறார். வேடிக்கை பார்த்தவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அவரை உள்ளே அழைத்து வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். அவரை அழைத்தால் கவிஞரின் சினம் சற்றுத் தடுமாறும், தடுமாறட்டும். அந்தத் தடுமாற்றம் உள்ள கவிதையை ஓராண்டு கழித்தும் படிக்க முடியும்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில், வெண்மணிக்குப் பிறகான அந்த நீண்ட ஆண்டுகளை எழுதும் ஒரு நாவலோ ஒரு நெடுங்கவிதையோ உங்களில் ஒருவரிடமிருந்து வருமானால், அதைப் படிக்கும் முதல் வரிசையில் நானும் இருப்பேன்.