புகையிரதமும் விருந்தினரும்

1864ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை இலங்கையின் முதலாவது புகையிரதம் ஓடிற்று. அப்பாதையை அமைத்தோர் உல்லாசப் பிரயாணிகளை எண்ணி அதனை அமைத்தாரல்லர். மலைநாட்டிலே விளைந்த காப்பியை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகம் சேர்க்கப் பல நாட்கள் சென்றன. அந்நாட்களைச் சில மணித்தியாலங்களாகச் சுருக்குவதே அவர்களின் நோக்கம். 1867இல் கண்டியை அடைந்த பாதை, 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டிற்று. இதற்கிடையிற் காப்பிச் செடி இலைநோயால் அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிக்காகத் தொடங்கித் தேயிலைக்காக நீண்ட அப்பாதை, காலப்போக்கிற் காட்சிக்காக உலகப் புகழ் பெற்றது.

அப்புகழ் தகுதியற்றதன்று. கடுகண்ணாவைக் கணவாயும், கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் நிற்கும் பட்டிப்பொல நிலையமும், உருக்கின் துணையின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு 1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் எந்நாட்டவரையும் வியக்க வைப்பவை. 2018ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பிரயாணிகள் வந்தனர். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும், அதன்பின் வந்த கொள்ளைநோயும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் அவ்வரவைச் சுருக்கின. எனினும் 2024இல் அத்தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. அன்னியச் செலாவணிக்கு அல்லலுறும் நாட்டுக்கு இஃது ஆறுதலான செய்தியே.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. மலைநாட்டுக்கு ஓடும் புகையிரதம் யாருடையது? அட்டனிலிருந்து கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவன், மரக்கறி மூட்டையுடன் ஏறும் சிறு வியாபாரி, பிள்ளையைத் தோளிற் சுமந்து நிற்கும் தாய் ஆகிய யாவரும் ஏறுவது அந்த வண்டியிலேதான். மலையின் அழகைக் காண வந்த விருந்தினரும் அதிலேயே ஏறுகின்றனர். பெட்டிகளின் தொகையோ பெருகவில்லை. ஆகவே ஒருவருக்கு இன்பம் தரும் பிரயாணம் மற்றொருவருக்குத் துன்பமாகின்றது. வீட்டார் நின்றுகொண்டிருக்க விருந்தினன் மட்டும் அமர்ந்திருக்கும் இல்லத்திலே, விருந்தினனுக்கும் மனம் நிறைவதில்லை. தினசரிப் பிரயாணியின் குறையைத் தீர்ப்பதும் உல்லாசப் பிரயாணத்துறையை வளர்ப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்பதைக் குடிமக்களும் அதிகாரிகளும் உணர்தல் வேண்டும். இவ்வுணர்விலிருந்து சில யோசனைகள் பிறக்கின்றன.

முதலாவது, ஆசனப் பங்கீடு. எல்லப் பகுதிக்கான பிரயாணச் சீட்டுகளை இடைத்தரகர் மொத்தமாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்பதாக முறைப்பாடுகள் எழுந்து, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சிலர் கைதாகவும் நேர்ந்தது. சீட்டிலே அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தைப் பதிந்தால் மட்டும் போதாது; வண்டியிலே அதனைப் பார்த்து உறுதி செய்தலும் வேண்டும். அன்றியும், ஒவ்வொரு கடுகதி வண்டியிலும் ஒரு பகுதி ஆசனங்களைப் பிரயாண தினத்தன்று இடைப்பட்ட நிலையங்களின் சாளரத்திலேயே விற்பதற்கென ஒதுக்கி வைக்கலாம். கணினியோ கடன் அட்டையோ இல்லாத முதியவருக்கும் அப்பொழுது அமர்ந்து செல்லும் வாய்ப்புக் கிட்டும்.

இரண்டாவது, காட்சிக்கெனத் தனி வண்டி. வெளிநாட்டவர் பெரும்பாலும் விரும்புவது முழுத் தூரப் பிரயாணத்தையன்று. நானுஓயாவுக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட சில மணித்தியாலப் பிரயாணத்தையே. அவ்விரு நிலையங்களுக்குமிடையே பகற்பொழுதில் முன்னும் பின்னும் ஓடும் குறுந்தூர வண்டிகள் பெருகுமாயின், நெடுந்தூர வண்டிகளின் நெருக்கம் தணியும். அவ்வண்டிகள் மெதுவாகச் செல்லலாம். அகன்ற கண்ணாடிச் சாளரம் உடையனவாக இருக்கலாம். கதவடியிலே தொங்கிப் படம் பிடிக்க முயன்று உயிரிழந்தோர் உளர். காட்சியைப் பாதுகாப்பாகக் காண வழி செய்து கொடுத்தால், அந்தத் துணிச்சலுக்கு அவசியமே இராது.

மூன்றாவது, செய்தி. வண்டி தாமதிப்பதை மக்கள் பொறுப்பர். ஏன் தாமதிக்கின்றது, எப்பொழுது வரும் என்பது தெரியாத நிலையையே பொறுக்கமாட்டார். நிலைய அதிபருக்குத் தெரிந்த செய்தி மேடையில் நிற்பவருக்கும் தெரிதல் வேண்டும். அறிவித்தல்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும், எல்லா நிலையங்களிலும், பிழையின்றி ஒலிக்க வேண்டும். பெயர்ப்பலகையிலே தமிழைப் பிழையாக எழுதுவது சிறு குற்றமெனத் தோன்றலாம். அப்பலகையை நாடோறும் பார்க்கும் குடிமகனுக்கோ அது தன்னைப் பற்றிய மதிப்பீடாகவே தெரிகின்றது. இதைத் திருத்தப் பெருஞ் செலவு ஆவதில்லை, கவனமே வேண்டியது.

நான்காவது, நிலையத்துக்கு அப்பாலுள்ள வழி. பொலன்னறுவை நிலையம் கதுறுவலையிலே உள்ளது; பழம்பெரும் நகரத்தின் இடிபாடுகளைக் காண அங்கிருந்து வேறு வாகனம் தேடவேண்டும். சீகிரியாவுக்குச் செல்வோர் ஹபரணையில் இறங்கினும் அந்நிலையே. மடுத் திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகரும், சிவனொளிபாத மலைக்காக அட்டனில் இறங்குவோரும் இதனையே அனுபவிக்கின்றனர். புகையிரத நேரசூசியும் பஸ் நேரசூசியும் ஒன்றையொன்று அறியாத இரு நூல்களாக இருத்தல் ஆகாது. வண்டி வந்த கால் மணித்தியாலத்துள் நிலைய வாசலிலிருந்து பஸ் புறப்படுமாயின், அன்னியனுக்கும் யாத்திரிகனுக்கும் ஒருங்கே நன்மை விளையும். குடிதண்ணீரும் தூய மலசலகூடமும் எல்லா நிலையங்களுக்கும் பொதுவான முதற்றேவைகள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஐந்தாவது, யானைகள். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி, ஹபரணைப் பகுதியில் மட்டக்களப்புப் பாதையிலே ஓடிய வண்டி மோதி ஆறு யானைகள் மாண்டன. மின்னேரியாவிலே யானைக் கூட்டத்தைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அக்கூட்டத்தின் வழியையே தண்டவாளம் குறுக்கிடுகின்றது. யானைகள் கடக்கும் இடங்களில் இராக்கால வேகத்தைக் குறைத்தலும், பாதையின் இருமருங்கும் பற்றைகளை வெட்டிச் சாரதிக்குப் பார்வை தெளிவாக்குதலும், வனசீவராசிகள் உத்தியோகத்தரிடமிருந்து அருகிலுள்ள நிலையத்துக்கு உடனே செய்தி சேர்த்தலும் செய்யத்தக்கவை. அரை மணித்தியாலத் தாமதத்தைப் பிரயாணி பொறுத்துக்கொள்வார். இறந்த யானையை மீட்டெடுக்க எவராலும் இயலாது.

வடபகுதியின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1905இல் காங்கேசன்துறை வரை முழுமை பெற்ற பாதையிலே, 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. போரின் காரணமாக 1990இல் அவ்வோட்டம் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, நிலையங்கள் கூரையிழந்து நின்றன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தபோது, புகையிரதத்தையே கண்டறியாத ஒரு தலைமுறை மேடையிலே கூடி நின்றது. 1914 முதல் இந்தியாவுக்குச் செல்வோரைக் கப்பலுக்கு இட்டுச்சென்ற தலைமன்னார்ப் பாதையும் 2015இல் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரிற் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் தொடங்கிற்று. கப்பலின் நேரத்தோடு புகையிரதத்தின் நேரமும் இணையுமாயின், தமிழகத்து யாத்திரிகர் நல்லூரையும் நயினாதீவையும் கண்டு, அனுராதபுரமும் கண்டியும் சென்று திரும்ப வசதி பிறக்கும். ஆடம்பர விடுதி கேளாத அத்தகைய யாத்திரிகரும் உல்லாசப் பிரயாணிகளே. அவர் செலவிடும் பணம் சிறிய கடைக்காரரின் கையை நேரே சேர்கின்றது.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பர். கட்டண வருமானம் செலவை ஈடுசெய்யாத திணைக்களம் அது என்பது மெய்யே. தினசரிப் பிரயாணியின் கட்டணத்தை உயர்த்தி அக்குறையை நிரப்ப முயல்வது நீதியன்று. காட்சிக்கெனவே வருவோரின் தனிப் பெட்டிகளுக்குத் தக்க கட்டணம் அறவிட்டு, அதில் ஒரு பங்கை மூன்றாம் வகுப்புப் பெட்டிகளையும் நிலைய வசதிகளையும் திருத்துவதற்கென்றே ஒதுக்கி, ஆண்டுதோறும் அக்கணக்கை மக்கள் முன் வைப்பது நேர்மையான வழியாகும். அப்போது விருந்தினரின் வருகையால் தமக்கு என்ன பயன் என்று கேட்பவருக்குத் திருத்தப்பட்ட நிலையமே விடை கூறும்.

இறுதியாக ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைகள் சரிந்தன. மலைநாட்டுப் பாதை பல இடங்களிற் சிதைந்து, வண்டிகள் நின்றன. உல்லாசப் பிரயாணிக்கு அது கைவிட்டுப்போன ஒரு நாட்காட்சி. தோட்டத்து மக்களுக்கோ குறைந்த செலவிலே வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்லும் வழி அடைபட்ட துயரம். சிதைந்ததை முன்னிருந்தவாறே கட்டுவது போதாது. சரிவுகளிலே நீர் வடியும் கால்வாய்களைச் செப்பனிட்டு, மண்ணை இறுகப் பிடிக்கும் மரங்களை நட்டு, மழைக்காலத்திற் பாதையைக் கண்காணிக்கும் தொழிலாளரின் தொகையையும் பெருக்குதல் வேண்டும். ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தை உலகம் அறியும். பாதையிலே நாடோறும் நடந்து தண்டவாளத்தைச் சோதிக்கும் தொழிலாளியை எவரும் படம் பிடிப்பதில்லை. அவனுடைய உழைப்புக்கு உரிய ஊதியமும் கருவிகளும் கொடுக்கும் நாட்டிலேதான், குடிமகனும் விருந்தினனும் ஒரே வண்டியில் அச்சமின்றிப் பிரயாணஞ் செய்ய முடியும்.