மலைநாட்டு வானில் ஒரு பாடம்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில் பேருந்து ஓட்டுகின்றவருக்கு, மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு வழி எப்போதும் உண்டு. விளக்கை ஏற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், அதுவும் இயலாவிடில் ஓரமாக நிறுத்தி, பனி விலகும்வரை காத்திருக்கலாம். அதே மலைகளுக்கு மேலே சிறிய விமானம் ஒன்றைச் செலுத்துகின்றவருக்கு இந்த வசதி இல்லை. விமானத்தை நிறுத்த இயலாது. காற்றைக் கிழித்து முன்னேறும்வரைதான் சிறகுகள் அதனைத் தாங்கும். ஆகவே, மலைநாட்டு வானில் உயிர் காக்கும் விதி ஒன்றே: திரும்புவதற்கு இடம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். விமானம் ஓட்டப் பழகுகின்றவர் கற்கும் அடிப்படைப் பயிற்சிகளும், ஆபத்து வேளையில் கைக்கொள்ளும் முறைகளும் இந்த ஒரு விதியைப் பல கோணங்களிலிருந்து விளக்குவனவே.

இலங்கையில் இக்கலை வேரூன்றிய இடம் இரத்மலானை. 1935 நவம்பர் 27ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த 'பஸ் மொத்' என்னும் சிறு விமானமே அங்கு முதன்முதலாகத் தரையிறங்கியது. அதனைச் செலுத்தி வந்தவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் பயிற்சியாசிரியரான டின்டேல் பிஸ்கோ. 1951இல் இலங்கை விமானப்படை தோன்றியபோது, அதன் முதற் பயிற்சி விமானங்களாக அமைந்தவை இருவர் அமரும் 'சிப்மங்க்' விமானங்கள். இன்றும் தனியார் விமானி உரிமம் பெற விரும்புவோர், 17 வயது நிரம்பி, சர்வதேச விதிப்படி ஏறத்தாழ 40 மணி நேரம் பறந்து பழக வேண்டும்.

இரத்மலானை கடலோரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அட்டன் நேர்வழியில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரம். சிறு விமானத்துக்கு அஃது அரைமணி நேரப் பயணம். ஆனால் அந்த அரைமணிக்குள் நிலம் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. சிவனொளிபாதமலை 7,359 அடி உயரம். பிதுருதலாகலை 8,281 அடி. தென்னந்தோப்புகளின் மேலே கற்ற பாடங்களெல்லாம் இங்கேதான் சோதிக்கப்படுகின்றன.

அடிப்படைப் பயிற்சிகள் நான்கு. நேராகவும் மட்டமாகவும் பறத்தல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல் என்பன அவை. இவற்றுள் எளிதாகத் தோன்றும் முதலாவதே மலைநாட்டில் கடினமானது. கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைச் செடிகளின்மேல் மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்ப்பர். அதுபோல விமானி தம் விமானத்தின் மூக்கைத் தொடுவானத்தோடு ஒப்பிட்டு மட்டம் பார்க்கிறார். கடலோரத்தில் தொடுவானம் நேர்கோடாகத் தெரியும். மலைகளுக்கிடையே அது மறைந்துவிடும். சரிந்து செல்லும் மலைச்சாரலையே மட்டமெனக் கண் நம்பிவிடும். மெல்ல உயரும் பள்ளத்தாக்கினுள் பறக்கும்போது, விமானம் மட்டமாகச் செல்கிறது என்ற எண்ணத்திலேயே விமானி மூக்கை உயர்த்தி வேகத்தை இழப்பார். ஆதலின் கண் சொல்வதை வேகமானியோடும் உயரமானியோடும் ஒத்துப்பார்க்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே ஊட்டப்படுகிறது.

அடுத்தது ஏறுதல். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. அதனால் இயந்திரத்தின் வலு குறைகிறது. சுழல்விசிறியின் இழுப்பும் குறைகிறது. வெப்பமும் காற்றை மெலிவிக்கும். நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. அங்கு 20 பாகை வெப்பமுள்ள நண்பகலில், விமானத்தின் ஆற்றலைப் பொறுத்தவரை அஃது எண்ணாயிரம் அடி உயரத்துக்குச் சமம். கடற்கரையில் நிமிடத்துக்கு எழுநூறு அடி ஏறும் பயிற்சி விமானம், அங்கே அதிற் பாதியளவு ஏறுவதே பெரிது. எனவே மலையை அணுகிய பின் ஏறலாம் என்று எண்ணுவது தவறு. தேவையான உயரத்தைச் சமவெளியின் மேலேயே பெற்றுக்கொண்டு, மலை முகட்டைக் குறைந்தது ஆயிரம் அடியேனும் உயர்ந்து கடப்பதே முறை. காற்று பலமானால் இரண்டாயிரம் அடி வேண்டும். தென்மேல் பருவக்காற்று மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் மோதி மேலெழுந்து, மறுபக்கம் அருவிபோல் கீழிறங்கும். அந்த இறக்கத்துள் அகப்பட்ட சிறு விமானம், மூக்கை உயர்த்திய நிலையிலும் கீழேதான் செல்லும். முகட்டை நேருக்கு நேராக அணுகாது 45 பாகை சாய்வாக அணுகுமாறு ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. சாய்வாக அணுகியவர் சிறிதளவு திரும்பினாலே மலையை விட்டு விலகிவிடலாம்.

இனித் திரும்புதல். விமானம் சுக்கானால் மட்டும் திரும்புவதில்லை. சிறகைச் சாய்த்தே திரும்புகிறது. 30 பாகை சாய்வில் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும் விமானத்துக்கு, வந்த வழியே திரும்ப ஏறத்தாழ 700 மீற்றர் அகலம் வேண்டும். வேகத்தை 120 கிலோமீற்றராகக் குறைத்துக்கொண்டால் 400 மீற்றர் போதும். ஒடுங்கும் பள்ளத்தாக்கில் இந்த வேறுபாடே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான இடைவெளியாகிவிடலாம். அதனால் பள்ளத்தாக்கின் நடுவே பறத்தலாகாது. ஒரு சாரலை ஒட்டிப் பறந்தால் முழு அகலமும் திரும்புவதற்குக் கிட்டும். நடுவே பறந்தால் பாதியே கிட்டும்.

இடம் போதாதென்று சிறகை மேலும் மேலும் சாய்த்தால் என்ன நேரும்? உயரம் குறையாமல் 60 பாகை சாய்வில் திரும்பும்போது, விமானம் தன் எடையைப்போல் இரு மடங்கைத் தாங்க வேண்டியிருக்கும். மட்டமாகப் பறக்கையில் மணிக்கு 90 கிலோமீற்றர் வரை தாங்கிய சிறகு, அப்போது 127 கிலோமீற்றர் வேகத்திலேயே தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைக் கடந்ததும், மேற்பரப்பிலே காற்றோட்டம் குலைந்து விமானம் கீழே விழத் தொடங்கும். இந்நிலையிலிருந்து மீள்வதே மாணவர் கற்கும் முதல் ஆபத்துப் பாடம். விழுகின்ற விமானத்தின் மூக்கை மேலே தூக்கவே மனித இயல்பு தூண்டும். அவ்வியல்பை அடக்கி, மூக்கைத் தாழ்த்தி, சிறகுக்கு மீண்டும் நல்ல காற்றோட்டத்தை அளித்த பின்பே விசையைக் கூட்ட வேண்டும். விமானம் சுழன்றுகொண்டு விழுமாயின், விசையைக் குறைத்து, சாய்ப்பான்களை நடுநிலையில் வைத்து, சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சுக்கானை முழுவதும் மிதித்து, கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ள வேண்டும். இதற்கெல்லாம் உயரம் வேண்டும். ஆகவேதான் இப்பாடம் மூவாயிரம் அடிக்கு மேலே கற்பிக்கப்படுகிறது. முகட்டின் அருகே இதனைச் செய்து பார்க்க வாய்ப்பில்லை.

மலைநாட்டின் இன்னோர் ஆபத்து முகில். காலையில் தெளிவாகக் காணும் கணவாய், பத்து நிமிடத்துக்குள் வெண்மையான சுவராகிவிடுவதைத் தோட்ட மக்கள் நன்கறிவர். முகிலுள் புகுந்தவரின் காதினுள்ளிருக்கும் சமநிலை உறுப்பு அவரை ஏமாற்றிவிடும். சாய்ந்த விமானம் நேராக இருப்பதாகவும், நேரான விமானம் சாய்வதாகவும் தோன்றும். 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. கருவிகளை மட்டும் கொண்டு பறந்து பழகாத 20 பேரை, வெளியே காணாதவாறு மறைத்துப் பறக்கவைத்தனர். இருபதின்மரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குப் பிடித்த நேரம் சராசரியாக 178 வினாடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை. ஆனால், கருவிகளைப் பார்த்து மெதுவாக 180 பாகை திரும்பி வெளியே வரும் ஒரு முறையைக் கற்ற பின்னர், அவர்களுள் ஏறக்குறைய அனைவரும் தப்பி வந்தனர். இவ்வளவு சிறிய பாடம் இத்தனை உயிர்களைக் காக்க வல்லது.

இயந்திரத்துக்கும் மலைநாட்டின் ஈரக்காற்று ஒரு கண்ணி வைத்திருக்கிறது. பெற்றோல் ஆவியாகும் கார்புரேற்றரினுள் குளிர் 20 பாகைக்கும் மேலாக இறங்கக்கூடும். வெளியே 15 பாகை வெப்பமும் நிறைந்த ஈரமும் இருந்தால், உள்ளே பனிக்கட்டி படிந்து காற்றுவழியை அடைக்கும். தேயிலைத் தளிருக்கு உகந்த அதே குளிர்ந்த பனிக்காலநிலையே இயந்திரத்தை மூச்சடைக்கச் செய்கிறது. சுழற்சி வேகம் காரணமின்றிக் குறைந்தால், சூடான காற்றை உள்ளே விடும் பிடியை முழுவதும் இழுக்க வேண்டும். பனி உருகி இயந்திரத்துள் செல்லும்போது சிறிது நேரம் அது முன்னிலும் மோசமாக அதிரும். அறியாதவர் அஞ்சி அப்பிடியை மீண்டும் தள்ளிவிடுவர். அறிந்தவர் பொறுத்திருப்பார்.

அவ்வாறு பொறுத்தும் இயந்திரம் நின்றுவிட்டால்? அப்போதும் விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வேகத்தில் மூக்கைத் தாழ்த்தி வைத்தால், காற்றில்லாத நிலையில் ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீற்றர் வரை மிதந்து செல்லும். ஆதலின் முதற்செயல் மிதக்கும் வேகத்தைப் பெறுவது. இரண்டாவது இறங்குமிடத்தைத் தேர்வது. மூன்றாவது பெற்றோல், கலவை, தீப்பொறி ஆகியவற்றைச் சோதித்து மீண்டும் இயக்க முயல்வது. அதன் பின்னரே 121.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 'மேடே' என மும்முறை கூறி இருப்பிடத்தை அறிவிப்பது. தரையைத் தொடுமுன் பெற்றோலையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவைச் சற்றே திறந்துவைக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பதறாதிருத்தல் பிறவிக் குணமன்று. இந்த வரிசையை நூறு முறை ஒப்புவித்துப் பழகியதன் பயன்.

எங்கே இறங்குவது என்பது மலைநாட்டில் எளிய வினாவன்று. மேலிருந்து நோக்கினால் தேயிலை மலை பச்சைக் கம்பளம்போல் தோன்றும். அருகிற் சென்றால்தான் அதன் கற்களும் கான்களும் நிழல்மரங்களும் தெரியும். அதனினும் முக்கியமாக, அங்கே மக்கள் இருக்கின்றனர். கொழுந்துக் கூடையுடன் நிரை நிரையாக நிற்கும் பெண்களும், லயங்களின் வாசலில் விளையாடும் குழந்தைகளும் அந்தக் கம்பளத்தின்மேலேதான் இருக்கின்றனர். ஆதலால் தோட்டத்து விளையாட்டு மைதானமாயினும், புல்வெளியாயினும், காசல்ரீ போன்ற நீர்த்தேக்கத்தின் கரையாயினும், ஆளில்லாத இடத்தையே விமானி தேட வேண்டும். வழி நெடுகிலும், 'இப்போது இயந்திரம் நின்றால் எங்கே?' என்று தம்மையே கேட்டுக்கொண்டு வருபவருக்கே அத்தகைய இடம் அகப்படும். சாரலில் இறங்க நேர்ந்தால், மேட்டை நோக்கியே இறங்க வேண்டும். தரையைத் தொடும் வேகத்தைப் பாதியாக்கினால் மோதும் விசை கால்பங்காகும்.

இங்கே ஒரு முரண் தோன்றலாம். விமானம் மேலெழுந்த சில வினாடிகளில் இயந்திரம் நின்றால், ஓடுபாதைக்குத் திரும்ப முயலாதே, எதிரே உள்ள இடத்தில் இறங்கு என்று கற்பிக்கின்றனர். திரும்பு என்ற விதிக்கு இது மாறானதன்று. ஐந்நூறு அடி உயரத்தில் திரும்புவதற்கு இடம் இல்லை. முயன்றால் சிறகு தாங்காது. இடம் உள்ளபோது திரும்புவதும், இல்லாதபோது திரும்பாதிருப்பதும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

அனுபவம் மிக்கோருக்கும் இந்த அறிவு தேவை என்பதற்கு நோர்ட்டன் பிரிட்ஜுக்கு மேலே எழும் ஏழு கன்னியர் மலை சாட்சி. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் அம்மலையில் மோதியது. ஹஜ் யாத்திரைக்குப் புறப்பட்ட 182 இந்தோனேசியப் பயணிகளும், பணியாளர் ஒன்பது பேருமாக 191 பேர் மாண்டனர். அது பயிற்சி விமானமன்று. நான்கு இயந்திரங்கள் பூண்ட பெரும் விமானம். விமான நிலையத்துக்கு இன்னும் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் இருக்கையில், தாம் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டமையே காரணமென விசாரணை கண்டது. உயரத்தை விட்டுக்கொடுக்குமுன் இருப்பிடத்தை உறுதி செய் என்பது மாணவரின் முதற் பாடங்களுள் ஒன்று. எத்துணைப் பெரிய விமானமாயினும் அப்பாடத்திலிருந்து அதற்கு விலக்கில்லை.

அட்டன் வரை சென்று, கணவாயில் முகில் கண்டு, இறங்காமலும் கடக்காமலும் இரத்மலானைக்கு மீளும் மாணவரைத் தோல்வியுற்றவர் எனச் சிலர் கருதலாம். நல்ல ஆசிரியர் அவ்வாறு கருதார். அம்மாணவரின் பறத்தற் குறிப்பேட்டில் அன்றைய பயணம் முற்றுப்பெறாததாகப் பதியப்படும். எனினும் அவர் பழகிய அத்தனை பாடங்களும் முற்றுப்பெற்றது அந்தத் திரும்புதலிலேயாம்.