பானை ஓட்டுக்குள் ஓர் உமி

வெறும் களிமண்ணில் பானை வனைந்தால் காயும்போது சுருங்கும். சுடும்போது விரிசல் விடும். அதனால்தான் அதில் மணலோ உமியோ கலக்கிறார்கள். இது மிகப் பழைய அறிவு. சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் உள்ள குவா சிரே குகையில் கிடைத்த ஓடுகளிலும் நெல் உமி உண்டு. ஓர் ஓட்டில் பதிந்திருந்த நெல்மணியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தார்கள். அதன் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டு!

சரி, இப்படிக் கிடைக்கும் நெல் காட்டில் விளைந்ததா, உழவர் விளைத்ததா? எப்படி அறிவது?

விடை உமியின் அடியில் இருக்கிறது. காட்டு நெல் முற்றியதும் தானே உதிரும். காம்பு விட்ட இடம் வழவழப்பாக இருக்கும். பயிர் நெல்லோ கதிரிலேயே நிற்கும். அடித்துத்தான் பிரிக்க வேண்டும். அந்த இடம் பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும்.

தென் வியட்நாமின் ஆன் சோன் முதலிய இடங்களில் கிடைத்த ஓடுகளை உடைக்காமலே, எக்ஸ்ரே கதிரால் அடுக்கடுக்காகப் படம் எடுத்தார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது. உள்ளே மறைந்திருந்த உமிகளில் பிய்ந்த அடியே தெரிந்தது. அது உழவர் விளைத்த நெல்தான்.

அம்மக்கள் ஓர் எழுத்தும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் உழைப்புக்கு இந்த உமியே சாட்சி. ஆகவே, குழி வெட்டும்போது பழைய ஓடு கிடைத்தால் தேய்த்துக் கழுவாதீர்கள், வீசி எறியாதீர்கள். இடத்தைக் குறித்துவைத்து அரும்பொருளகத்துக்குத் தெரிவியுங்கள்.