ஆற்றுப்படையும் வழிகாட்டும் எந்திரமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை விழாவில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். வழி சொல்வது தமிழில் ஓர் இலக்கிய வகை என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்பட்ட இரவலனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படையே. அந்த மரபுக்கு உரிய நாம், இன்று இருசக்கர வண்டி ஓட்டுவோர் கையிலிருக்கும் புதிய ஆற்றுப்படையை ஆராய்வது பொருத்தமே.

வில்லியனூரிலிருந்து பாகூருக்குப் போக இந்த எந்திரத்தை வழி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நல்ல வழியே சொல்லும். சில வேளைகளில் நேரே போகும் சாலையை விட்டு ஒரு தெருவுக்குள் நுழையச் சொல்லி, அதன் கடைசிவரை கொண்டுபோய், வந்த வழியே திருப்பி அனுப்பும். கண்ணெதிரே இருக்கும் சாலை அதற்குத் தெரியாது. மூன்று ஊர் சுற்றிக் கொண்டுவந்து சேர்க்கும். ஊரார் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பித்துக்குள்ளும் ஒரு முறை உண்டு.

நெதர்லாந்து அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில், தாளும் எழுதுகோலும் இன்றி, இருபது நிமிடத்தில் ஒரு கணக்கு முறையை மனத்திலேயே வகுத்தார். 1959இல் அது அச்சேறியது. சந்திப்புகள் புள்ளிகள், சாலைகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எடை. மொத்த எடை குறைந்த வழியே சிறந்த வழி. இன்றைய வழிகாட்டி மென்பொருள்களுக்கு அதுவும் அதன் வழித்தோன்றல்களுமே அடிப்படை. எந்திரம் சாலையைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. பிழை பெரும்பாலும் கணக்கில் இல்லை, நாம் கொடுத்த படத்தில்தான் இருக்கிறது.

வரைபடத்தில் இரு கோடுகள் தொட்டுக்கொள்வது போலத் தோன்றும். ஒரே புள்ளியில் முடிச்சிடப்படாமல் இருக்கும். நம் கண்ணுக்கு அது நாற்சந்தி. எந்திரத்துக்கு அங்கே வழியில்லை. ஆகவே சுற்றுகிறது. இடையே ஒரு தேநீர்க்கடையில் நிற்க விரும்பிப் படத்தில் விரலை வைக்கிறோம். விரல் ஒரு நூலிழை தவறிப் பக்கத்துச் சந்தில் பதிந்தால், எந்திரம் பணிவோடு சந்துக்குள் போய்த் திரும்புகிறது. வளைவு நிறைந்த சாலையே வேண்டும் என்று மலைப்பயணம் விரும்பும் இளைஞர்களுக்கென ஒரு விருப்பத் தேர்வு வைத்திருக்கிறார்கள். மலையே இல்லாத பாகூர் வயல்வெளியில் அதை அழுத்தினால் என்ன ஆகும்? வாய்க்கால் கரையின் திருப்பங்களும் தெருமுனைகளும் மலைவளைவாகக் கணக்காகிவிடும்.

நம் மண்ணுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. புதுச்சேரி நிலம் ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சு ஆட்சி 1954இல் கைமாறி, 1962இல் சட்டப்படி இணைந்த பிறகும், தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே சிதறிய துண்டுகளாகவே நம் கொம்யூன்கள் கிடக்கின்றன. ஒரே சாலை எல்லைக்கு இப்பால் ஒரு தரமாகவும் அப்பால் வேறொரு தரமாகவும் படத்தில் பதிவானால் எடை மாறும். எடை மாறினால் வழியும் மாறும். மாட்டு வண்டிக்குத் தெரியாத எல்லை எந்திரத்துக்குத் தெரிகிறது.

இது வெறும் வேடிக்கையன்று. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, ராமகங்கை ஆற்றின்மேல் பாதியில் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் மாண்டனர். வழிகாட்டும் செயலியை நம்பிச் சென்றார்கள் என்பது செய்தி. அடுத்த சில நாட்களில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகி நம் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், எந்தக் கரைமேல் நடக்கலாம் என்பது ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். யாரும் சொல்லாவிட்டால் எந்திரத்துக்குத் தெரியாது.

இங்கேதான் பழைய ஆற்றுப்படையை நினைக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படை நமக்கு அண்டை நாட்டுப் பாட்டு. திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியை அது சொல்கிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் ஆமான் இறைச்சியோடு சோறு, ஆமூரில் நண்டோடு சோறு என்று வழியைப் பசியால் அளக்கிறது. மலைபடுகடாமோ பன்றிக்கு வைத்த பொறியையும் வழுக்கும் பாறையையும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அந்த வழியைச் சொன்னவன் அதில் நடந்து வந்தவன். எந்திரம் நடந்ததில்லை. வேற்றுமை அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வேற்றுமை.

மலைபடுகடாத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. வழிகள் பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர்கள் தடுமாறாதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போங்கள் என்கிறார் பெருங்கௌசிகனார். முன்னே போனவன் பின்னே வருபவனுக்குப் பட்ட கடன் அது. அந்தக் கடன் இன்று நம்முடையது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தில் எவரும் திருத்தம் செய்யலாம். விட்டுப்போன சந்திப்பை முடிச்சிடலாம்; குளத்தின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். அதைப் பயன்படுத்தும் மென்பொருள்களெல்லாம் அத்திருத்தத்தைப் பின்னர் ஏற்றுக்கொள்ளும்.

பாகூர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கல்விச்சாலை இருந்த ஊர். அதற்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த செய்தியை நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு காத்துத் தந்தது. பெயரை எழுதி வைத்ததால் ஊர் நின்றது. நம் ஏரிக்கரைகளுக்கும் மதகுகளுக்கும் தோப்புகளுக்கும் மக்கள் வழங்கும் பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை. அவற்றைச் சொல்லும் முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். பெயர் போனால் வழி போகும். வழி போனால் அந்த இடத்தைப் பாடவும் சொல் இராது.

ஆகவே வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரின் பத்துப் பெயர்களையும், மழைக்காலத்தில் போகக்கூடாத ஒரு வழியையும் எழுதிக் கொண்டுவர வேண்டும். கணிப்பொறி அறிந்த இளைஞர்கள் அவற்றைப் படத்தில் ஏற்றட்டும்; கவிஞர்கள் பாட்டில் ஏற்றட்டும். எந்திரத்தைப் பழிப்பது எளிது. அதற்கு வழி சொல்லிக் கொடுப்பதே ஆற்றுப்படை மரபில் வந்தவர்க்கு அழகு. பிரிவழியில் நாமும் ஒரு புல் முடிவோம்.